மேஜையில் மிஞ்சிய ஸ்ட்ரிப்

நாளை ஞாயிறு ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டும். தலைப்பு, "என் வேலையே என் ஆராதனை." அதை நான் வைக்கவில்லை. என் நாத்தனார் வைத்தாள், போதகர் தலையாட்டினார், மூன்று வாரத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லக் கொஞ்சமாவது தெம்பு வேண்டும். சரி என்று சொல்ல ஒன்றும் வேண்டியதில்லை. சரி என்றேன்.

என் வேலை, ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் நின்றுகொண்டு ஆபரேஷன் கருவிகளை ட்ரேயில் அடுக்குவது. மேலே தியேட்டரில் பயன்படுத்திய கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் லிஃப்டில் கீழே வரும். அடுத்த அறையில் கழுவி உலர்த்தி என் மேஜைக்கு அனுப்புவார்கள். நான் ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பட்டியலோடு ஒத்துப்பார்த்து, ட்ரேயில் அடுக்கி, உள்ளே ஒரு ஸ்ட்ரிப் வைத்து, நீலத் துணியால் இரண்டு சுற்று மடித்து, டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்துப் போடுவேன். பிறகு ட்ரே நீராவி மெஷினுக்குள் போகும். ஸ்ட்ரிப் என்றால் பெரிய சமாசாரம் எதுவும் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை. நீராவி உள்ளே வரைக்கும் போயிருந்தால் அது கறுத்துவிடும். மேலே ட்ரேயைத் திறக்கிற நர்ஸ் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இருபத்தோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஸ்ட்ரிப் வைக்கும்போது ஒரு வரி ஜெபம் சொல்வது என் பழக்கமாக இருந்தது. "இதை வச்சு யாரை அறுக்கப்போறாங்களோ, அவங்களைப் பார்த்துக்கங்கப்பா." அவ்வளவுதான். பக்தியில் ஆரம்பித்தது என்று சொன்னால் பொய். சலிப்பில் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நாற்பது ட்ரே மடிக்கிறவளுக்கு வாயில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிலர் பாடுவார்கள். என் குரலுக்குப் பக்கத்து அறையில் கழுவுகிறவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள். அதனால் ஜெபம். ஒரு தடவை சபையின் பெண்கள் கூட்டத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அங்கே எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்னிடம் வந்து தேதி சொல்லிவிட்டுப் போனார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், என் கணவரை அவர் வேலை செய்த இடத்திலிருந்து நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் கிழிசல். நெஞ்சைத் திறந்தார்கள். திறந்ததை மூடித் தர முடிந்தது, அவரைத் திருப்பித் தர முடியவில்லை. யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது தெரியும். தியேட்டர் நர்ஸ் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ட்ரே மேல உங்க கையெழுத்துதான் இருந்துச்சு" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். என் பக்கத்தில் நின்ற நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் என் கணவரின் ஒரே தங்கை. அண்ணனைத் தவிர அவளுக்கு வேறு நாதி கிடையாது. அடக்க ஆராதனையில் எல்லோரிடமும் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எங்க அண்ணன் மேல பட்ட ஒவ்வொரு கத்தியும் அண்ணி ஜெபம் பண்ணின கத்தி. அவன் ஜெபத்தோடதான் போனான்." இந்த எட்டு மாதமும் அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் இந்த இரண்டு வாக்கியத்தின் பலத்தில்தான்.

நான் அவளிடம் சொல்லாதது இதுதான். அந்த வியாழக்கிழமை காலையில் அந்த நெஞ்சு ஆபரேஷன் ட்ரேயை மடிக்கும்போது நான் ஜெபம் செய்தேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எங்கள் மெஷின்காரர் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மாமியார் பல்செட்டைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைக்க, மாமனார் இருட்டில் அதை எடுத்துக் குடிக்கப் போன கதை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே துணியை மடித்தேன். அந்தக் கதையில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை. மாமியார் போட்ட சத்தம் நினைவிருக்கிறது. ஜெபம் மட்டும் நினைவில் இல்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எந்த ட்ரேக்கும் நான் ஜெபம் செய்யவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபப்பட்டால் ஏதோ ஒன்று உள்ளே அசைகிறது என்று அர்த்தம். பல் பிடுங்குவதற்குப் போட்ட ஊசியின் வேகம் இறங்காமலேயே இருப்பது போல ஒரு மரப்பு. கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. காலையில் எழுந்தேன், பஸ் ஏறினேன், கையுறை மாட்டினேன், மடித்தேன், கையெழுத்துப் போட்டேன். நெஞ்சு ட்ரே வந்தால் மட்டும் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு கையால் முடித்துவிடுவேன். அந்த ட்ரே பட்டியல் என் விரலுக்கு மனப்பாடம்.

ஆக, நாளைக்கு நான் எழுந்து நின்று பழைய கதையைச் சொன்னால் சபைக்கு முன் பொய் சொன்னவள் ஆவேன். உண்மையைச் சொன்னால் என் நாத்தனார் பற்றிக்கொண்டிருக்கிற ஒரே கம்பையும் பிடுங்கிக்கொள்வேன். இதற்கு நடுவில் இன்று சனிக்கிழமை, காலை ஷிஃப்ட்.

மெஷின்காரருக்குப் பூட்டு என்று பெயர். மெஷின் கதவைப் பூட்டுகிறவர் என்பது ஒரு காரணம், வாயைப் பூட்டத் தெரியாதவர் என்பது இன்னொரு காரணம். பதினொரு மணிக்கு அவர் மெஷினைத் திறந்து என்னுடைய பதினாலு ட்ரேயையும் ஆற வைத்தார். ஆறியதில் நாலு ட்ரே மேலே தியேட்டருக்குப் போய்விட்டது. நான் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன். பட்டியல் அட்டையைத் தூக்கினால் அடியில் ஒரு ஸ்ட்ரிப். வெள்ளையாக, பளிச்சென்று கிடந்தது.

எங்கள் வேலையில் இதைவிடக் கெட்ட காட்சி கிடையாது. எத்தனை ட்ரேயோ அத்தனை ஸ்ட்ரிப் எண்ணி எடுக்க வேண்டும், முடிக்கும்போது மேஜை காலியாக இருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால், எங்கேயோ ஒரு ட்ரேக்குள் அது இல்லை.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று பூட்டு வந்தார். காட்டினேன். அந்த மனிதர் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"பதினஞ்சு எடுத்திருப்பீங்க. ரெண்டு ஒண்ணா ஒட்டிக்கிட்டு வரும்ல."

"எண்ணித்தான் எடுத்தேன்."

"சரி, விடுங்க. மெஷின் நல்லாத்தான் ஓடிச்சு. நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். உள்ள எல்லாம் சுத்தமா வெந்திருக்கும். ஸ்ட்ரிப்பா கிருமியைக் கொல்லுது? பேசாம அதைத் திரும்ப ஸ்ட்ரிப் பெட்டியில போட்டுடுங்க."

"மேல திறக்கும்போது தெரியுமே."

"தெரிஞ்சா வேற ட்ரே எடுத்துக்குவாங்க. நீங்க ஏன் நீங்களே போய் மாட்டிக்கிறீங்க? இது மூணாவதுக்கா. லாண்டரிக்குத் தூக்கிடுவாங்க."

அவர் கணக்குச் சரிதான். போன மாதம் ஒரு கத்தரிக்கோல் மாற்றி வைத்தேன், அதற்கு முந்தின மாதம் டேப்பில் தேதி போட மறந்தேன். மூன்றாவது புகார் வந்தால் கீழ்க்கோடியில் துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றம் என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லியிருந்தார். மேலே வேறு ட்ரே எடுப்பார்கள் என்பதும் பாதி உண்மைதான். அவசரத்தில் ஸ்ட்ரிப்பைத் தேட மாட்டார்கள். வெளியே நீராவி பட்டு டேப் கறுத்திருக்கிறதே, போதும் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு விதமும் நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

கர்த்தருக்குப் பயந்துதான் சிஸ்டரிடம் போனேன் என்று நாளைக்குச் சொன்னால் சபையில் அல்லேலூயா போடுவார்கள். எனக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. இந்த ட்ரேயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறந்தால் தெரிகிற ஒன்றையும் தெரியாமல் வைத்துக்கொண்டு அலைய எனக்கு முடியாது. தெரிந்துகொள்ளவே வழியில்லாத ஒன்றை ஏற்கெனவே எட்டு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

சிஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். மூக்கு நுனியில் கோபம் உள்ளவர். ஸ்ட்ரிப்பை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "மேல போன நாலையும் நீங்களே போய் வாங்கிட்டு வாங்க. எல்லாத்தையும் திறங்க, கிடைக்கிற வரைக்கும்" என்றார். நான் திரும்பும்போது, "எழுதித்தான் ஆகணும், தெரியும்ல?" என்று சேர்த்துக்கொண்டார். தெரியும் என்றேன்.

தியேட்டர் மாடிக்கு நான் எட்டு மாதமாகப் போகவில்லை. ட்ரேக்கள் லிஃப்டில் தனியாகப் போய் வரும், நாங்கள் போக வேண்டியதில்லை. வாசலில் நர்ஸ் நாலு ட்ரேயையும் தள்ளுவண்டியில் வைத்துக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "நெஞ்சு ட்ரே ஒண்ணு பன்னெண்டு மணிக்கு வேணும், இன்னொண்ணு வேற கேஸ்ல இருக்கு, ஆளை மயக்கம் குடுக்கக் கூட்டிட்டுப் போக இருந்தோம்" என்றாள். எதிரே நீல நாற்காலி வரிசையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் ஆண்களுடைய செருப்பு ஒரு ஜோடியைப் பையில் போட்டு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம். கொஞ்சம் கூடவும் ஆகலாம்."

"நேத்து ராத்திரியில இருந்து பச்சைத் தண்ணி வாயில படல அவருக்கு. யார் பண்ணின வேலை இது?"

"நான்தான்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதாவது உறைத்திருக்கும். அவள் என் கையிலிருந்த கையுறையைப் பார்த்தாள். "போங்க. சீக்கிரம் பண்ணுங்க" என்றாள்.

கீழே வந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். பூட்டு டேப்பைக் கிழிக்க, நான் துணியை விரிக்க, சிஸ்டர் குனிந்து பார்த்தார். முதல் ட்ரேயில் ஸ்ட்ரிப் இருந்தது, நன்றாகக் கறுத்திருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவது நெஞ்சு ட்ரே. துணியை விரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வலது மூலையில், நான் எப்போதும் வைக்கிற இடத்தில், வெறும் உலோகம் மின்னியது. சிஸ்டர் ஒவ்வொரு கருவியாக நகர்த்திப் பார்த்தார். இல்லை.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பார்க்காமல் மடித்த ட்ரே அது. எட்டு மாதத்தில் இன்னும் எத்தனை நெஞ்சு ட்ரேயை இப்படி அனுப்பினேனோ என்று நினைத்தேன். மற்ற நாளெல்லாம் மேஜை காலியாகத்தான் இருந்தது, ஸ்ட்ரிப் மிஞ்சியதில்லை, அதனால் அதெல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். பூட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார், நான் உட்காரவில்லை.

"இதை வேற யாராவது மடிக்கட்டும்" என்றார் சிஸ்டர்.

"நான் மடிக்கிறேன் சிஸ்டர்."

"ஏற்கெனவே ஒரு தடவை தப்பாயிடுச்சு."

"அதனாலதான். நான் மடிக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."

அவர் என்ன நினைத்தாரோ, நின்றார். நான் பட்டியலை எடுத்தேன். முப்பத்தெட்டுக் கருவி. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தேன். எலும்பை விலக்கிப் பிடிக்கிற அந்தப் பெரிய சட்டத்தையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பற்களுக்கு நடுவில் பார்த்தேன், திருகைத் திருகிப் பார்த்தேன். கனமாக இருந்தது. அதன் கனத்தை நான் மறந்தே போயிருந்தேன். அவருடைய நெஞ்சை விலக்கிப் பிடித்தது இதுதானா, இதன் ஜோடியா என்று கேட்டுக்கொண்டேன். பதில் கிடைக்காது என்று தெரிந்து கீழே வைத்தேன்.

ஸ்ட்ரிப்பை வலது மூலையில் வைத்தேன். பழைய வரி வருமா என்று பார்த்தேன். வரவில்லை. வாய் திறந்தது, உள்ளிருந்து வந்தது வெறும் பட்டியல்தான். "பெரிய இடுக்கி நாலு, வளைஞ்ச இடுக்கி ஆறு, கத்திப்பிடி ரெண்டு..." ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை சத்தமாகச் சொன்னேன். சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். பூட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், எதற்கென்று அவருக்கே தெரியாது. அதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. மடித்தேன், டேப் ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன்.

ட்ரே வெந்து, ஆறி, இரண்டு மணிக்கு மேலே போயிற்று. திங்கள் முதல் மூன்று மாதம் லாண்டரி என்று சிஸ்டர் எழுதினார். எழுதிவிட்டு, "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். பாராட்டா குற்றச்சாட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து செருப்பைப் போடும்போது போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, சாட்சி எழுதிட்டீங்களா? போதகர் ஐயா கேக்கிறார். அண்ணன் ட்ரே விஷயத்தைக் கடைசியா வைங்க. நான் முன்வரிசையில உக்காந்துக்கிறேன்."

நாளைக்குச் சபைக்கு முன்னால் கேட்பதைவிட அவள் இன்றைக்கே, தனியாகக் கேட்டுவிடட்டும் என்று தோன்றியது. ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாகச் சொன்னேன்.

"நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாம கேளு. உங்க அண்ணனோட ட்ரேக்கு நான் ஜெபம் பண்ணினேனான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்குக் காலையில எங்க மெஷின்காரர் ஏதோ கதை சொல்ல, நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன். பண்ணியிருக்கலாம். பண்ணாமலும் இருந்திருக்கலாம். இத்தனை நாளா உன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. அதுக்கப்புறம் நான் யாருக்குமே பண்ணல. இதான் உண்மை."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள்.

"அண்ணி."

"சொல்லு."

"நானும் பண்ணல."

"என்ன?"

"அன்னைக்கு. தியேட்டர் வாசல்ல. நீங்க என்கிட்ட, 'எனக்கு வாய் வரல, நீ ஜெபம் பண்ணு'ன்னீங்க. நான் கண்ணை மூடினேன். ரெண்டு வார்த்தை சொன்னேன். அப்புறம் தூங்கிட்டேன் அண்ணி. உள்ள எங்க அண்ணன் செத்துக்கிட்டிருக்கான், நான் வெளிய தூங்கிட்டேன். நர்ஸ் வந்து கதவைத் திறந்த சத்தத்துலதான் முழிச்சேன்." அவள் குரல் கிழிந்தது. "நீங்களாவது பண்ணியிருக்கீங்களேன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

நான் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தேன். அவளுடைய தலை என் தோளில் சாய்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று மணி நேரம் நான் அசையவில்லை. ஜெபத்தைக் கலைத்துவிடக் கூடாது என்று மூச்சைக்கூட அடக்கி அடக்கித்தான் விட்டேன். எனக்கு அழுகை வந்தது. எட்டு மாதமாக வராதது, மூக்கு வழியாகவும் தொண்டை வழியாகவும் அசிங்கமாக வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"உன் தலை என் தோள் மேல இருந்துச்சு. நீ ஜெபம் பண்றேன்னுதான் நான் நினைச்சேன். அந்தக் கனம் இல்லன்னா நான் அன்னைக்கு அந்த நாற்காலியில உக்காந்திருக்கவே மாட்டேன்டி. எங்கயாவது ஓடிப் போயிருப்பேன்."

அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் எனக்குக் கேட்டது, என்னுடையது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"நாளைக்கு என்ன சொல்வீங்க அண்ணி?"

"தெரியல. எழுந்து நின்னதும் வாயில என்ன வருதோ அதுதான். நீ முன்வரிசைக்குப் போகாத, என் பக்கத்துல வந்து உக்காரு."

"சரி."

"தூக்கம் வந்தா தூங்கு" என்றேன்.